தட்டில் முளைக்காதவை

ரூட் கேனல் செய்துகொண்டவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நரம்பையே எடுத்தாச்சு, அப்புறம் எப்படி அந்தப் பல் வலிக்குது?" நியாயமான கேள்விதான். வலியை உணரும் திசுவைப் பல்லுக்குள்ளிருந்து எடுத்த பிறகும் சிலருக்குக் கடித்தால் சுருக்கென்கிறது, ஈறில் சின்னக் கொப்புளம் கிளம்புகிறது, எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம் தெரிகிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் பல்லுக்குள் தங்கிவிட்ட பாக்டீரியா. அவை எந்த வகை, எத்தனை வகை, எந்த மூலையில் இருக்கின்றன என்று கண்டறிய நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பாடுபட்டிருக்கிறார்கள். கடைசி முப்பது ஆண்டுகளில் அந்தத் தேடலின் முறையே மாறிவிட்டது. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆற அமரப் பேசலாம்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்வோம். பல்லின் நடுவே உள்ள பொந்தில் ரத்தக் குழாய்களும் நரம்பும் மென்மையான திசுவும் சேர்ந்து இருக்கின்றன. இதைத்தான் பற்கூழ் என்கிறார்கள். பேச்சில் மொத்தமாக 'நரம்பு' என்றுவிடுகிறோம். அந்தப் பொந்து கீழே வேருக்குள் மெல்லிய குழாயாக இறங்கி, நுனியில் தாடை எலும்போடு திறக்கிறது. அதுதான் வேர்க்குழாய். படத்தில் பார்த்தால் நேரான ஒரு குழாய். உண்மையில் பக்கக் கிளைகள், இரண்டு குழாய்களை இணைக்கும் மெல்லிய இடுக்குகள், நுனியில் ஆற்றுமுகம் மாதிரி பிரியும் சிறு வாய்கள் எல்லாம் உண்டு. சுற்றிலும் உள்ள டென்டின் சுவரிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. பற்கூழை ஒட்டிய பக்கத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் பல்லாயிரம் துளைகள். ஒவ்வொன்றின் அகலமும் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர்தான், ஆனால் பல பாக்டீரியாக்கள் அதைவிடச் சிறியவை.

சொத்தை ஆழமாகி பாக்டீரியா உள்ளே இறங்கினால் பற்கூழ் அழுகிச் சாகிறது. அதோடு உள்ளே ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. ரத்தம் போகாத இடத்துக்கு வெள்ளை அணுக்களும் போக முடியாது. ஆகவே உடம்பு தன் காவலை வேர் நுனிக்கு வெளியே போடுகிறது, அந்தப் போராட்டத்தில் அங்குள்ள எலும்பு கரைகிறது. எக்ஸ்ரேயில் தெரியும் கறுப்பு வட்டம் அதுதான்.

இதில் பாக்டீரியாவின் பங்கைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்டிய சோதனை 1965-ல் வெளிவந்தது. அமெரிக்காவின் தேசியப் பல் ஆராய்ச்சி நிறுவனத்தில் ககேஹாஷி, ஸ்டேன்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற மூவர் இரண்டு கூட்டம் எலிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு கூட்டம் சாதாரண எலிகள். இன்னொன்று, பிறந்ததிலிருந்து ஒரு கிருமிகூட அண்டாமல் வளர்க்கப்பட்டவை. இரண்டின் கடைவாய்ப் பல்லிலும் துளையிட்டு, பற்கூழைத் திறந்து, மூடாமல் விட்டார்கள். சாப்பிட்ட தீனி இரண்டிலும் ஒன்றுபோலத்தான் துளைக்குள் போய் அடைந்தது. சாதாரண எலிகளின் பற்கூழ் செத்துச் சீழ் கட்டியது. கிருமியில்லாத எலிகளிலோ, திறந்து கிடந்த காயத்தின் மேல் புதிய டென்டின் பாலம் போல் வளர்ந்து பற்கூழைக் காப்பாற்றியது. துளையும் தீனியும் காரணமில்லை, கிருமிதான் காரணம் என்பது அத்தோடு முடிவாயிற்று.

கிருமி என்று சொல்லியாகிவிட்டது, எந்தக் கிருமி? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

நீண்ட காலம் ஒரே வழிதான் இருந்தது. பல்லிலிருந்து ஒரு துளி மாதிரி எடுத்து, ஊட்டம் கலந்த அகார் தட்டில் தடவி, சூடான பெட்டியில் வைத்து, என்ன வளர்கிறது என்று பார்ப்பது. வளர்ப்புமுறை என்று பெயர். தயிருக்கு உறை ஊற்றுவதும் ஏறக்குறைய இதே வேலைதான். பால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சூடு மிஞ்சினால் உறையாது, மார்கழிக் குளிரில் பாத்திரத்தைத் துணி சுற்றி வைக்க வேண்டும். உறைமோரில் இருக்கும் நுண்ணுயிர்களில் அந்தப் பாலும் அந்தச் சூடும் ஒத்துக்கொண்டவைதான் பெருகி, காலையில் தயிராக நிற்கின்றன. மற்றவை மோரில் இல்லவே இல்லை என்று தயிரைப் பார்த்துச் சொல்லிவிட முடியுமா? அகார் தட்டுக்கும் அதே கதைதான்.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் வில்லோபி மில்லர். அமெரிக்கரான இவர் பெர்லினில் பணிபுரிந்தவர், ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பழகியவர். 1894-ல் அழுகிய பற்கூழை நுண்ணோக்கியில் பார்த்தபோது கோள், கோல், சுருள் என்று பல வடிவங்களைக் கண்டார். அதே மாதிரியைத் தட்டில் வளர்த்தபோது அவற்றில் சில வரவேயில்லை. கண்ணால் பார்த்ததைக் கையால் வளர்க்க முடியவில்லை.

ஒரு காரணம் காற்று. வேர்க்குழாயின் அடியில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அங்கே வாழப் பழகியவற்றுக்கு நாம் சுவாசிக்கும் காற்றே நஞ்சு. மாதிரியை எடுத்துத் தட்டுக்குக் கொண்டுபோவதற்குள் அவை செத்துவிடும். ஆக்சிஜன் படாமல் எடுத்து, கொண்டுபோய், வளர்க்கும் நுட்பங்கள் கைகூடிய பிறகுதான் உண்மை நிலவரம் கொஞ்சம் தெரிந்தது. ஸ்வீடனின் ஊமியோவில் யோரன் சுண்ட்க்விஸ்ட் 1976-ல் செய்த ஆய்வு இதில் ஒரு மைல்கல். அடிபட்டதால் பற்கூழ் செத்துப்போன, ஆனால் மேற்பகுதி உடையாமல் இருந்த 32 பற்களை எடுத்துக்கொண்டார். எலும்பு கரைந்திருந்த பற்களில் மட்டுமே பாக்டீரியா கிடைத்தது. கிடைத்தவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் காற்றை வெறுப்பவை. அதுவரை காற்றில் வளர்த்துப் பார்த்துப் பேசியவர்கள், உள்ளே இருந்த கூட்டத்தில் சிறுபான்மையை மட்டுமே பார்த்திருக்கிறார்கள்.

காற்றை விலக்கினாலும் எல்லாம் வளர்ந்துவிடவில்லை. டானெரெல்லா ஃபோர்சிதியா என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஈறுநோயில் பெயர்பெற்றது, 1970-களில் பாஸ்டனின் ஃபோர்சித் நிறுவனத்தில் ஈறுப் பைகளிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. தனியாக வளர்க்கப் போனால் அடம்பிடிக்கும். பக்கத்தில் ஃபியூசோபாக்டீரியம் என்ற இன்னொரு பாக்டீரியா இருந்தால் தெம்பாக வளரும். காரணம் பிறகுதான் தெரிந்தது. தன் செல்சுவரைக் கட்டத் தேவையான என்-அசிட்டைல் மியூராமிக் அமிலம் என்ற பொருளை இதனால் சொந்தமாகச் செய்துகொள்ள முடியாது, அக்கம்பக்கத்தாரிடமிருந்துதான் பெற வேண்டும். இப்படி அண்டை வீட்டை நம்பி வாழும் உயிர்களைத் தனித்தட்டில் வைத்து வளரச் சொன்னால் எப்படி வளரும்? வளர்ப்புமுறை மட்டுமே இருந்தவரை இந்த டானெரெல்லா வேர்க்குழாயில் இருப்பதாக யாருமே சொன்னதில்லை. 1990-களின் கடைசியில் மூலக்கூறு முறை வந்ததும் திரும்பத் திரும்பக் கிடைக்கத் தொடங்கியது. அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

அந்த மூலக்கூறு முறை என்ன செய்கிறது? வளர்ப்பதை விட்டுவிட்டு, உயிரின் எழுத்தை நேரே படிக்கிறது.

எல்லா பாக்டீரியாவுக்கும் புரதம் செய்ய ரைபோசோம் வேண்டும். அந்த ரைபோசோமின் ஒரு பகுதியான 16எஸ் ஆர்என்ஏ-வுக்கான மரபணு ஏறத்தாழ 1,500 எழுத்து நீளம். இதில் சில பகுதிகள் எந்தப் பாக்டீரியாவை எடுத்தாலும் அநேகமாக மாறாமல் இருக்கும். இடையிடையே வரும் சில பகுதிகள் இனத்துக்கு இனம் மாறும். இலினாய் பல்கலைக்கழகத்தின் கார்ல் வோஸ் இந்த மூலக்கூறை ஒப்பிட்டுத்தான் 1977-ல், ஜார்ஜ் ஃபாக்ஸுடன் சேர்ந்து, உயிர்களின் வம்சாவளியையே திருத்தி எழுதினார். நமக்கு வேண்டியது அதில் ஒரு சிறு பயன். மாறாத பகுதியைப் பிடித்துக்கொண்டு மாறும் பகுதியைப் படித்தால், முன்னே பின்னே தெரியாத பாக்டீரியாவையும் இன்ன குடும்பம், இன்ன இனம் என்று சொல்லிவிடலாம். அது வளர வேண்டியதில்லை, உயிரோடு இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ஆனால் ஒரு பல்லில் கிடைக்கும் டிஎன்ஏ மிகக் கொஞ்சம். அதைப் பெருக்கத்தான் பிசிஆர். கொரோனா காலத்தில் அநேகமாக நம் எல்லோர் மூக்கிலும் குச்சி விட்டுச் செய்த அதே சோதனையின் அடிப்படை. கலிஃபோர்னியாவின் சீட்டஸ் நிறுவனத்தில் இருந்த கேரி மல்லிஸுக்கு 1983-ல் உதித்த யோசனை, 1993-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றது. ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய். அதில் மாதிரியின் டிஎன்ஏ, இரண்டு குட்டித் துண்டுகளான பிரைமர், டிஎன்ஏ கட்டுவதற்கான எழுத்துகள், கட்டும் நொதி. குழாயை 95 டிகிரிக்குச் சூடாக்கினால் டிஎன்ஏ-வின் இரு இழைகளும் பிரிகின்றன. 55 டிகிரியை ஒட்டி ஆறவிட்டால் பிரைமர்கள் தங்களுக்குப் பொருத்தமான இடத்தில் போய் ஒட்டிக்கொள்கின்றன. 72 டிகிரியில் நொதி அங்கிருந்து புது இழையைக் கட்டுகிறது. ஒன்று இரண்டாயிற்று. திரும்பச் சூடு, திரும்ப ஆறவிடல், இரண்டு நான்காயிற்று. முப்பது சுற்று முடிந்தால், கணக்குப்படி ஒரு துண்டு 107 கோடித் துண்டுகளாகும். அவ்வளவு சூட்டிலும் கெடாத அந்த நொதி, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் 1960-களில் தாமஸ் பிராக் கண்டெடுத்த பாக்டீரியாவிலிருந்து வந்தது. வெந்நீர் ஊற்றின் உயிரியலைப் படித்தவருக்கு அது என்றாவது பல் வேருக்குள் விளக்குப் பிடிக்கும் என்று தோன்றியிருக்குமா?

பிரைமரை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கேள்வி மாறும். குறிப்பிட்ட இனத்துக்கு மட்டும் ஒட்டும் பிரைமர் போட்டால், "ட்ரெபோனீமா டென்டிகோலா என்ற பாக்டீரியா இருக்கிறதா?" என்பதற்கு ஆம், இல்லை என்று பதில் வரும். எல்லா பாக்டீரியாவுக்கும் ஒட்டும் பிரைமர் போட்டு, பெருகியவை அனைத்தின் எழுத்துகளையும் வரிசைப்படுத்திப் படித்தால், "உள்ளே யார் யார்?" என்பதற்கே பதில் வரும். பெருகும்போதே ஒளிரும் சாயத்தைச் சேர்த்து அளந்தால் எவ்வளவு என்பதும் தெரியும். சுத்தம் செய்வதற்கு முன் எத்தனை லட்சம், செய்த பின் எத்தனை நூறு என்று ஒப்பிட இந்த அளவுமுறைதான் உதவுகிறது.

இவ்வளவு நுட்பமும் ஒரு காகிதக் குச்சியை நம்பி இருக்கிறது. மாதிரி எடுக்கும் வேலையைக் கிட்டே இருந்து பார்க்க வேண்டும். பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற மெல்லிய ரப்பர் விரிப்பை மாட்டி, அந்த ஒரு பல் மட்டும் வெளியே தெரியும்படி செய்கிறார்கள். எச்சில் ஒரு துளி கலந்தாலும் வாயில் இருக்கும் நூற்றுக்கணக்கான இனங்களும் கணக்கில் ஏறிவிடும். பல்லையும் ரப்பரையும் ஹைட்ரஜன் பெராக்ஸைடால் துடைத்து, சோடியம் ஹைபோகுளோரைட்டால் துடைத்து, பிறகு அந்த ஹைபோகுளோரைட்டையும் சோடியம் தயோசல்ஃபேட் விட்டு முறிக்கிறார்கள். இல்லாவிட்டால் அது உள்ளே கசிந்து மாதிரியையே அழித்துவிடும். துடைத்த இடத்திலிருந்தும் ஒரு மாதிரி எடுத்து வைக்கிறார்கள். அதில் ஏதாவது தென்பட்டால் அந்தப் பல்லே ஆய்விலிருந்து விலக்கப்படும். அதற்குப் பிறகுதான் புதிய, கிருமிநீக்கிய பர் என்ற துளையிடும் முனை கொண்டு திறப்பது. குழாயில் ஒரு சொட்டு உப்புநீர் விட்டு, மெல்லிய ஃபைலால் சுவரைச் சுரண்டி, பேப்பர் பாயின்ட் என்ற ஊசி போன்ற காகிதச் சுருளை வேர் நுனிக்கு அருகே வரை இறக்கி, ஒரு நிமிடம் ஊறவிட்டு, எடுத்துச் சோதனைக்குழாயில் போட்டு உறையவைக்கிறார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. பின்னால் எத்தனை கோடி ரூபாய் இயந்திரம் இருந்தாலும், இந்த ஒரு நிமிடத்தில் கை தவறினால் வரும் முடிவு வீண்.

கை தவறவில்லை என்றாலும் குறை இருக்கிறது. காகிதக் குச்சி நடுக்குழாயில் கிடப்பதை உறிஞ்சும். பக்கக் கிளைக்குள்ளோ இடுக்குக்குள்ளோ டென்டின் துளைக்குள்ளோ அது போகாது. சூரிச்சில் ராமச்சந்திரன் நாயரும் கூட்டாளிகளும் 2005-ல் காட்டியதை இங்கே சொல்ல வேண்டும். ஒரே அமர்வில் முறையாகச் சிகிச்சை முடித்த 16 கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர் நுனியை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 14-ல் பாக்டீரியா மிச்சமிருந்தது. இருந்த இடங்கள் பெரும்பாலும் கருவி எட்டாத இடுக்குகளும் கிளைகளும். அவை உதிரிகளாகவும் இல்லை, பசைப்படலமாகச் சுவரோடு ஒட்டி, ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு இருந்தன. ஆரம்பத்தில் கேட்டோமே, நரம்பு எடுத்த பல் ஏன் வலிக்கிறது என்று. அதற்கு இதைவிட நேரடியான சாட்சியம் எனக்குத் தெரியாது.

இந்த எட்டாத இடத்தை எட்டுவதற்கு ஆய்வாளர்கள் கண்டுபிடித்த வழி சற்று முரட்டுத்தனமானது, ஆனால் நேர்மையானது. எப்படியும் பிடுங்க வேண்டியிருந்த பல்லை எடுத்து, வேரை மேல்பாதி, நுனிப்பாதி என்று வெட்டி, கடுங்குளிரில் உறையவைத்துப் பொடியாக்குவது. அந்தப் பொடி முழுவதிலிருந்தும் டிஎன்ஏ எடுப்பது. துளை, கிளை, இடுக்கு எல்லாம் அதில் அடங்கிவிடும். ரியோ டி ஜெனிரோவில் ஜோசே சிக்கேராவும் இசபெலா ரோசாஸும் இருந்த குழு 2011-ல் வேர் நுனியையும், ஆம்ஸ்டர்டாம் குழு ஒன்று 2012-ல் மேல்பாதியையும் நுனிப்பாதியையும் ஒப்பிட்டும், புதிய தலைமுறை வரிசைப்படுத்தலால் ஆராய்ந்தன. நுனியில் சில மில்லிமீட்டருக்குள் ஒரு முழுச் சமூகம் வாழ்வது தெரியவந்தது.

அந்தச் சமூகம் எவ்வளவு பெரியது? சிக்கேராவும் ரோசாஸும் 2009-ல் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வேர்க்குழாய்த் தொற்றுகளில் மொத்தம் 460-க்கு மேற்பட்ட வகைகள் பதிவாகியிருந்தன. அதில் 45 சதவீதம் மூலக்கூறு முறைகளில் மட்டும் தென்பட்டவை. 23 சதவீதம் இரண்டிலும் தென்பட்டவை. மிச்சம் 32 சதவீதம் வளர்ப்புமுறையில் மட்டும் தென்பட்டவை. இந்தக் கடைசி எண்ணைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. எல்லோருக்கும் ஒட்டும் என்று நாம் நம்பும் பிரைமர் சிலவற்றுக்குச் சரியாக ஒட்டாது. சில பாக்டீரியாக்களின் செல்சுவர் தடிமன், உடைத்து டிஎன்ஏ எடுப்பதே கஷ்டம். புது முறையும் தனக்கு வசதியானவற்றைத்தான் முதலில் காட்டுகிறது. தட்டும் வேண்டும், பிசிஆர் குழாயும் வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வது அதனால்தான்.

வசதியானதைப் பார்த்துப் பழிபோட்ட கதை ஒன்று இருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில், சிகிச்சை தோற்ற பற்களை மறுபடி திறந்து வளர்த்துப் பார்த்தபோது என்டெரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்ற பாக்டீரியா அடிக்கடி கிடைத்தது. குடலில் சாதாரணமாக வாழ்வது. பட்டினி கிடந்தாலும் பிழைக்கும். பல் மருத்துவர்கள் குழாய்க்குள் வைக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடின் காரத்தையும் தாங்கும். குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்றே பலரும் நினைத்தார்கள். 2004-ல் பிசிஆரில் தேடியபோது இன்னும் அதிகமான பற்களில் அகப்பட்டது. உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் ஒவ்வொரு கழுவுநீரையும் மருந்தையும் இந்த ஒன்றின் மேல் விட்டுப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். பிறகு, 'இது இருக்கிறதா' என்று கேட்பதை விட்டு 'யார் யார் இருக்கிறார்கள்' என்று கேட்ட ஆய்வுகள் வந்தன. தோற்ற பற்கள் பலவற்றில் அது இல்லவே இல்லை. இருந்த இடத்திலும் கூட்டத்தில் சிறு பங்குதான். எலும்பு நன்றாக இருக்கிற, வலியில்லாத, சிகிச்சை முடிந்த பல்லிலும் அது கிடைத்தது. எளிதில் வளர்கிறது, எளிதில் பிழைக்கிறது என்பதே அதன் பெயரைப் பெரிதாக்கிவிட்டது என்பது என் கருத்து. இன்றும் அதை மட்டும் தட்டில் வைத்துச் சோதித்து, புது மருந்து வேர்க்குழாய்க்கு நல்லது என்று முடிவுகட்டும் கட்டுரைகள் வருகின்றன. அவற்றைப் படிக்கும்போது வருத்தமாக இருக்கிறது, உள்ளே இருப்பது ஒற்றையாள் இல்லை என்று தெரிந்து எவ்வளவோ காலமாகிவிட்டதே.

இப்போது நினைவில் வைக்கச் சொன்ன வரிக்கு வருவோம். டிஎன்ஏ-வைப் படிக்க அந்த உயிர் உயிரோடு இருக்க வேண்டியதில்லை. 1348 முதல் 1350 வரை லண்டனைக் கொள்ளைநோய் வாட்டியபோது இறந்தவர்களை ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்டில் புதைத்தார்கள். 2011-ல் அந்த எலும்புக்கூடுகளின் பற்களிலிருந்து பிளேக் பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியையே மீட்டெடுத்தார்கள். அறுநூற்றைம்பது ஆண்டுக்கு மேல் பல் அதைப் பத்திரமாக வைத்திருந்தது. வரலாற்றுக்கு இது வரம். பல் மருத்துவருக்குத் தலைவலி. நேற்றுதான் சுத்தம் செய்த குழாயில் இன்று பிசிஆர் ஒரு பெயரைச் சொன்னால், அது பிழைத்திருக்கிறதா, செத்த உடம்பின் மிச்சமா? டென்டினில் உள்ள ஹைட்ராக்சியபடைட் என்ற கனிமத்தோடு டிஎன்ஏ ஒட்டிக்கொண்டால் எளிதில் சிதையாது என்று ஊமியோ ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

சிகிச்சைக்கு முன் எடுத்த மாதிரியில் இந்தக் கவலை குறைவு. உயிர்த்துடிப்புள்ள தொற்றில் ஒட்டாமல் திரியும் டிஎன்ஏ-வை மற்ற பாக்டீரியாக்களின் நொதிகளே தின்றுவிடும். சிகிச்சைக்குப் பின்னால்தான் சந்தேகம் வலுக்கிறது. அதைத் தீர்க்கச் சில உத்திகள் வந்திருக்கின்றன. புரொப்பிடியம் மோனோஅசைடு என்ற சாயம், செல்லின் உறை கிழிந்திருந்தால் மட்டும் உள்ளே போகும். பிறகு வெளிச்சம் காட்டினால் அந்த டிஎன்ஏ-வை இறுகப் பிடித்துக்கொள்ளும், பிசிஆரில் அது பெருகாது. உறை சேதமாகாத செல்களின் டிஎன்ஏ மட்டும் பெருகும். டிஎன்ஏ-வை விட்டு ஆர்என்ஏ-வைத் தேடுவது இன்னொரு வழி. செத்த பிறகு ஆர்என்ஏ பொதுவாக அவ்வளவு காலம் தங்காது.

மறுபக்கத்து ஆபத்து, இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. பிசிஆர் மிகக் கூர்மையான முறை என்பதால், ஆய்வுக்கூட ரசாயனத்தில் ஒட்டியிருந்த அந்நிய டிஎன்ஏ-வும் பெருகிவிடும். டிஎன்ஏ பிரிக்கும் கிட்டுகளிலேயே பாக்டீரியா டிஎன்ஏ இருப்பதையும், மாதிரி சிறியதாக இருந்தால் அது முடிவையே புரட்டிப்போடும் என்பதையும் 2014-ல் ஓர் ஆய்வு விரிவாகக் காட்டியது. சுத்தம் செய்த வேர்க்குழாயைவிடச் சிறிய மாதிரி எங்கே கிடைக்கும்? அதனால் ஒவ்வொரு முறையும் பல்லின் மாதிரியே இல்லாத வெற்றுச் சோதனைக்குழாயையும் கூடவே ஓட்டிப் பார்ப்பது கட்டாயம். இதைச் சாதாரண ஆய்வுக்கூட ஒழுக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உடம்பின் எந்த மூட்டுவலிக்கும் பல்லில் உள்ள கிருமிதான் காரணம் என்ற கொள்கை பரவி, எத்தனையோ பேரின் பற்களை வாரிப் பிடுங்கினார்கள். பிடுங்கிய பல்லின் நுனியில் பாக்டீரியா வளர்ந்ததை ஆதாரமாகக் காட்டினார்கள். 1936-ல் இங்கிலாந்தில் ஃபிஷ், மெக்லீன் இருவரும் ஈறை முன்கூட்டியே சுட்டுக் கிருமி நீக்கிவிட்டுப் பல்லைப் பிடுங்கிப் பார்த்தார்கள். பாக்டீரியா வரவில்லை. பல்லை அசைத்துப் பிடுங்கும்போது ஈறிலிருந்த கிருமிதான் உள்ளே இறங்கியிருக்கிறது. மாதிரி எடுத்ததில் இருந்த பிழைக்கு விலையாகப் போனது நோயாளிகளின் பற்கள்.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் இந்த இடத்தில் நிச்சயம் குறுக்கிடுவார். "அதெல்லாம் சரி சார், எந்தக் கிருமின்னு தெரிஞ்சா அதுக்குண்டான மாத்திரையைக் குடுத்துட வேண்டியதுதானே?" அங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறோம். பற்கூழ் செத்த பல்லுக்குள் ரத்தம் போவதில்லை என்று பார்த்தோமே, மாத்திரை போவதும் ரத்தத்தோடுதான். குழாய்க்குள் இருக்கும் கூட்டத்துக்கு ஆன்டிபயாடிக் எட்டவே எட்டாது. முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, தொற்று பல்லைத் தாண்டிப் பரவும்போது அதற்கு வேலை உண்டு, அப்போதும் பல்லைத் திறந்து சுத்தம் செய்வதோடு சேர்த்துத்தான். வலி எடுத்ததும் மருந்துக்கடையில் ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பல் மருத்துவரைத் தள்ளிப்போடுவது, உள்ளே இருப்பவற்றைத் தொடாமல், உடம்பின் மற்ற பாக்டீரியாக்களுக்கு மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொடுப்பதாகும். பென்சிலினை முறிக்கும் மரபணுக்களையும் டெட்ராசைக்ளினைத் தாங்கும் மரபணுக்களையும் வேர்க்குழாய் மாதிரிகளில் மூலக்கூறு முறைகளே கண்டுபிடித்திருக்கின்றன. தயவுசெய்து இந்தப் பழக்கத்தை விடுங்கள்.

ஒரு ஊரின் பட்டியலை இன்னொரு ஊருக்கு அப்படியே பொருத்துவதும் சரிவராது. 2004-ல் அமெரிக்காவின் ஓரிகனிலும் பிரேசிலிலும் எடுத்த மாதிரிகளை ஒரே பிசிஆர் முறையில் ஒப்பிட்டபோது, பல இனங்கள் தென்பட்ட விகிதத்தில் தெளிவான வேறுபாடு இருந்தது. ஒரே ஊரிலும் ஆளுக்கு ஆள் கூட்டம் மாறுகிறது. நோய் ஒன்று, கூட்டங்கள் பல.

அப்படியானால் உங்கள் பல் மருத்துவரிடம் போய் பிசிஆர் பரிசோதனை கேட்க வேண்டுமா? இப்போதைக்கு வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே முடிவு சொல்லி, இன்று குழாயை அடைக்கலாமா கூடாதா என்று நம்பிக்கையோடு தீர்மானிக்க உதவும் மூலக்கூறு சோதனை அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவில்லை. அப்படி ஒன்று வந்தால் பயன் உண்டு என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஊமியோவில் உல்ஃப் ஷோக்ரனின் குழு 1997-ல் வெளியிட்ட ஆய்வில் 55 பற்களை அடைப்பதற்குச் சற்று முன் வளர்ப்புமுறையில் சோதித்து, ஐந்து ஆண்டு வரை பின்தொடர்ந்தார்கள். ஒன்றும் வளராத பற்களில் 94 சதவீதம் முழுமையாக ஆறின. வளர்ந்த பற்களில் 68 சதவீதம்தான் ஆறின. சிறிய ஆய்வுதான், ஆனாலும் அடைக்கும் நேரத்தில் உயிரோடு இருப்பவை எவ்வளவு என்பது பொருட்படுத்த வேண்டிய கேள்வி என்று அது சொல்கிறது. உயிருள்ளதை மட்டும் எண்ணும் மூலக்கூறு முறை ஒன்று சில நிமிடங்களில் இதற்குப் பதில் சொல்லுமானால், ஆறாமல் போகும் பற்களில் கொஞ்சத்தையாவது காப்பாற்றலாம்.

அதுவரை நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. ரப்பர் டேம் போட்டுச் செய்வீர்களா என்று கேளுங்கள். ஹைபோகுளோரைட்டால் நேரமெடுத்துக் கழுவுகிறாரா என்று கவனியுங்கள், கருவி எட்டாத இடுக்குக்கு ஓரளவாவது எட்டுவது அந்தத் திரவம்தான். வேலை முடிந்ததும் மேலே நிரந்தர அடைப்போ கேப்போ எப்போது என்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். பென்சில்வேனியாவில் ரேயும் ட்ரோப்பும் 1995-ல் 1,010 வேர்சிகிச்சைப் பற்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்தபோது, வேருக்குள் அடைத்ததும் மேலே மூடியதும் இரண்டும் நன்றாக இருந்தவற்றில் 91 சதவீதத்துக்கு மேல் வேர் நுனியில் நோய்க்குறி இல்லை. இரண்டும் மோசமானவற்றில் அப்படி இருந்தது 18 சதவீதம் மட்டும். வலி போய்விட்டதே என்று தற்காலிக சிமென்ட்டோடு மாதக்கணக்கில் இருந்துவிடுகிறவர்கள் நம்மில் நிறைய. அந்த சிமென்ட் தேய்ந்து எச்சில் கசியத் தொடங்கினால், உள்ளே மறுபடி குடியேற ஒரு கூட்டம் வாயிலேயே தயாராக இருக்கிறது.